ஐந்நூறுக்கும் ஐந்நூற்றொன்றுக்கும் இடையே

அடுத்தடுத்து இரண்டு வீடுகள். இரு மாத மின் கணக்கீட்டில் ஒரு வீட்டின் பயன்பாடு 500 யூனிட். மற்றொன்றின் பயன்பாடு 501 யூனிட். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணைப்படி முதல் வீட்டுக்காரர் செலுத்த வேண்டியது ரூ.1,725. இரண்டாம் வீட்டுக்காரர் செலுத்த வேண்டியது ரூ.1,958. கூடுதலாக எரிந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு ரூ.233.

அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். முதல் 100 யூனிட் இருவருக்கும் இலவசம். 500-க்குள் நிற்பவருக்கு அடுத்த 100 யூனிட் ரூ.2.25 வீதம், அதற்கடுத்த 200 யூனிட் ரூ.4.50 வீதம், கடைசி 100 யூனிட் ரூ.6 வீதம். 500-ஐக் கடந்தவருக்கோ 101 முதல் 400 வரை முழுவதுமே ரூ.4.50 வீதம். 401 முதல் 500 வரை அதே ரூ.6. 501-ஆவது யூனிட்டின் விலை ரூ.8 மட்டுமே. எஞ்சிய ரூ.225, அவர் எப்போதோ எரித்து முடித்த 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்காகப் பின்னோக்கிச் சென்று விதிக்கப்படுவது. இதன்பின் வீதங்கள் திருத்தப்பட்டிருந்தாலும், அட்டவணையின் அமைப்பு மாறவில்லை.

இந்த ரூ.225-க்குக் கணிதத்தில் ஒரு பெயர் உண்டு. 500 யூனிட்டை இடப்பக்கத்திலிருந்து நெருங்கினால் கட்டணம் 1,725-ஐ நெருங்குகிறது. வலப்பக்கத்திலிருந்து நெருங்கினால் 1,950-ஐ நெருங்குகிறது. இரு பக்க எல்லைகளும் ஒன்றல்ல. எனவே அந்தப் புள்ளியில் சார்புக்கு எல்லை இல்லை. எல்லை இல்லாததால் சார்பு அங்கே தொடர்ச்சியற்றது. மேல்நிலை முதலாண்டுக் கணிதப் புத்தகத்தில் எல்லைகளும் தொடர்ச்சியும் பற்றிய பாடத்தைப் படித்த எந்த மாணவரும் இந்த வாக்கியங்களைத் தடையின்றி எழுதிவிடுவார். ஆனால், தம் வீட்டு மின் கட்டணத்தில் அதே பாடம் ஒளிந்திருப்பதை அவர்களில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?

பொருளியல் மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்த ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு காட்சி உண்டு. கரும்பலகையில் x-இன் வர்க்கத்திலிருந்து 4-ஐக் கழித்து, x-இலிருந்து 2-ஐக் கழித்து வருவதால் வகுத்து, x ஆனது 2-ஐ நெருங்கும்போது எல்லை என்ன என்று கேட்டால், வகுப்பே ஒரே குரலில் 4 என்னும். காரணிப்படுத்துவார்கள், பொதுக் காரணியை அடிப்பார்கள், 2-ஐப் பிரதியிடுவார்கள். 'சரி, x சரியாக 2 ஆக இருக்கும்போது இந்தச் சார்பின் மதிப்பு என்ன?' என்று அடுத்துக் கேட்டால் அதே வகுப்பு மீண்டும் 4 என்னும். அது தவறு. 2-இல் அந்தச் சார்புக்கு மதிப்பே கிடையாது. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கச் சொல்கிறது அது. 1.9-இல் 3.9, 1.99-இல் 3.99, 2.01-இல் 4.01 என்று இரு புறமும் 4-ஐ நோக்கி வருகிறதே தவிர, 2 என்னும் இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது.

எல்லை என்ற கருத்தின் உயிர்நாடி இந்த ஓட்டையில்தான் இருக்கிறது. ஒரு புள்ளியை நெருங்க நெருங்கச் சார்பின் மதிப்பு எதை நெருங்குகிறது என்பதே எல்லை சொல்லும் செய்தி. அந்தப் புள்ளியில் என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றி அதற்கு எந்த அக்கறையும் இல்லை. அந்த அக்கறை உடையது தொடர்ச்சி என்னும் இரண்டாவது கருத்து. புள்ளியில் சார்புக்கு மதிப்பு இருக்க வேண்டும். இரு பக்க எல்லைகளும் ஒத்திருக்க வேண்டும். அந்த எல்லையும் அந்த மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். மூன்றும் ஏன் தனித்தனியாகச் சொல்லப்படுகின்றன என்று கேட்டால்தான் மௌனம். முதல் நிபந்தனை தவறினால் ஓட்டை, இரண்டாவது தவறினால் மின் கட்டணத்தில் கண்ட தாவல், மூன்றாவது தவறினால் வரிசையிலிருந்து விலகித் தனியே நிற்கும் ஒரு புள்ளி. மூன்றுக்கும் ஆளுக்கொரு வரைபடம் வரையச் சொன்னால் போதும். பத்துப் பக்கக் கணக்குகள் தராத தெளிவு வந்துவிடும்.

பயிற்சி வேண்டாம் என்பதல்ல என் வாதம். கணிதத்தில் கை பழகாமல் கருத்து பழகாது. எதைப் பழகுகிறோம் என்பதே கேள்வி. இப்போதைய பயிற்சியில் பெரும்பகுதி இயற்கணிதம்தான்: காரணிப்படுத்தல், வர்க்கமூலத்தை நீக்குதல், சூத்திரத்தில் பொருத்துதல். நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், எதற்கெடுத்தாலும் லோபிதால் விதியைப் பிரயோகிக்கிறார்கள். சைன் x-ஐ x-ஆல் வகுத்து, x பூச்சியத்தை நெருங்கும்போது எல்லை 1 என்பதை அந்த விதியால் ஒரே வரியில் 'நிறுவி' விடுகிறார்கள். சைன் சார்பை வகையிட்டால் கொசைன் வரும் என்பதையே அந்த எல்லையை வைத்துத்தான் நிறுவுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை இது.

கணிப்பானைக் கையில் எடுத்துச் சோதித்துப் பார்ப்பவர்கள் பரவாயில்லை. ஆனால் அவர்களுக்கும் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, கணிப்பான் பாகைக் கணக்கில் இருந்தால் விடை 1-க்குப் பதிலாக 0.01745 என்று வரும். திகைக்கும் மாணவருக்கு ரேடியன் என்ற அளவு எதற்காக உருவாக்கப்பட்டது என்பதை விளக்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. இரண்டாவது பொறி ஆழமானது. பையை x-ஆல் வகுத்து அதன் சைனைக் கண்டறியச் சொல்லுங்கள். x-க்கு 0.1, 0.01, 0.001 என்று கொடுத்தால் ஒவ்வொரு முறையும் விடை பூச்சியம். எல்லை பூச்சியம்தான் என்று மாணவர் முடிவுகட்டிவிடுவார். பிறகு அவரையே 2/5, 2/9, 2/13 என்று கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் 1 வரும். பூச்சியத்தை நெருங்கும்போது அந்தச் சார்பு +1-க்கும் -1-க்கும் இடையே முடிவின்றி ஊசலாடுகிறது. அதற்கு எல்லையே கிடையாது. நாலு புள்ளிகளைப் பார்த்து நாட்டின் போக்கைச் சொல்லும் பழக்கம் பொருளியலாளர்களுக்கும் உண்டு என்பதால் இந்த எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தமானது.

அப்படியானால் 'நெருங்குகிறது' என்ற சொல்லுக்குத் துல்லியமான பொருள் என்ன? இந்தக் கேள்விக்கு விடை காணக் கணித உலகுக்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. நியூட்டனும் லைப்னிட்சும் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்கணிதத்தை உருவாக்கியபோது அவர்களிடம் இன்றைய வரையறை இல்லை. பூச்சியமாகவும் இல்லாமல் பூச்சியம் அல்லாததாகவும் இல்லாமல் நடமாடிய அவர்களுடைய நுண்ணளவுகளை, அயர்லாந்தின் மெய்யியலாளரும் ஆயருமான ஜார்ஜ் பெர்க்கிலி 1734-இல் வெளியிட்ட நூலில் கடுமையாக எள்ளி நகையாடினார். 1821-இல் பிரான்சின் கோஷி எழுதிய பாடநூலும், அதன்பின் ஜெர்மனியின் வையர்ஸ்ட்ராஸ் வகுத்த எப்சிலான்-டெல்டா முறையும்தான் அடித்தளத்தை உறுதிப்படுத்தின. நம் பக்கத்திலும் ஒரு பழைய தடம் இருக்கிறது. சங்கமகிராம மாதவன் வழிவந்த கேரள வானியலாளர்கள் முடிவிலாத் தொடர்களின் கூட்டுத்தொகையைக் கையாண்டிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய 'யுக்திபாஷா' அதற்கான காரண விளக்கங்களைத் தருகிறது. நியூட்டனுக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தெளிந்த ஒரு வரையறையை, பதினாறு வயது மாணவர் ஒரே வாரத்தில் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர் தடுமாறினால் அது மந்தபுத்தி ஆகாது.

எப்சிலான், டெல்டா என்ற கிரேக்க எழுத்துகள் இல்லாமலும் அந்த வரையறையின் உட்பொருளைச் சொல்லிவிட முடியும். அது ஒருவகைச் சவால். 'எனக்கு இவ்வளவு துல்லியம் வேண்டும்' என்று ஒருவர் கேட்கிறார். 'அப்படியானால் இவ்வளவு நெருங்கி வாருங்கள், கிடைக்கும்' என்று மற்றவர் பதில் சொல்கிறார். எவ்வளவு கடுமையான துல்லியத்தைக் கேட்டாலும் பதில் சொல்ல முடிந்தால், எல்லை இருக்கிறது.

வட்டிக் கணக்கில் இதைப் பார்க்கலாம். எல்லை என்ற கருத்து பொருளியலுக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று அது. ஆண்டுக்கு 100 விழுக்காடு வட்டி தரும் ஒரு கற்பனை வங்கியில் ஒரு ரூபாய் போடுகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்த்தால் ஆண்டு முடிவில் ரூ.2. அரையாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் ரூ.2.25. காலாண்டுக்கு ஒருமுறை என்றால் 2.4414. மாதந்தோறும் என்றால் 2.6130. நாள்தோறும் என்றால் 2.7146. இப்படியே மணிதோறும், நிமிடந்தோறும், நொடிதோறும் என்று போனால் தொகை அளவின்றிப் பெருகுமா? 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் யாக்கோபு பெர்னோலி இந்தக் கேள்வியை எழுப்பி, பெருகாது, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே ஓரிடத்தில் அடங்கும் என்று கண்டார். அந்த இடம் 2.71828 என்று தொடங்கும் எண். பின்னாளில் ஆய்லர் அதற்கு e என்ற எழுத்தை வழங்கினார்.

இப்போது சவாலுக்கு வருவோம். 'அந்த எல்லைக்கு ஒரு காசு வேறுபாட்டுக்குள் வர வேண்டும்' என்கிறார் ஒருவர். மாதந்தோறும் போதாது, நாள்தோறும் சேர்த்தால் போதும் என்கிறோம். 'ஒரு காசில் நூறில் ஒரு பங்குக்குள் வேண்டும்' என்கிறார். மணிக்கு ஒருமுறை சேர்த்தாலும் சற்றே தவறிவிடும். அரைமணிக்கு ஒருமுறை சேர்த்தால் வந்துவிடும். அவர் கேட்டுக்கொண்டே போகலாம். நாமும் சொல்லிக்கொண்டே போகலாம். எந்தக் கட்டத்திலும் தொகை e-ஐத் தொடுவதில்லை. ஆயினும் எல்லை அதுதான்.

இதை அறிந்தவருக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. 8 விழுக்காடு வட்டியில் ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி ரூ.8,000. காலாண்டுக் கூட்டுவட்டி என்றால் ரூ.8,243. நாள்தோறும் கூட்டினால் ஏறத்தாழ ரூ.8,328. நொடிதோறும் கூட்டினாலும் அதற்குமேல் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. 'தினசரி கூட்டுவட்டி' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் வரும்போது, அடிப்படை வட்டி வீதம் எவ்வளவு என்பதை மட்டும் கவனித்தால் போதும் என்பது இதிலிருந்து தெரியும்.

தொடர்ச்சிக்குத் திரும்புவோம்; நம் நாட்டில் அது மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் வருமான வரி. 'சம்பள உயர்வு வந்தால் அடுத்த வரி அடுக்குக்குப் போய்விடுவேன், கையில் வருவது குறைந்துவிடும்' என்று படித்தவர்கள் கவலைப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அடுக்குகளைப் பொறுத்தவரை இந்தக் கவலைக்கு இடமில்லை. 2025-26 நிதியாண்டுக்கான புதிய முறையில் 12 முதல் 16 லட்சம் வரை 15 விழுக்காடு, 16 முதல் 20 லட்சம் வரை 20 விழுக்காடு. வரிக்குரிய வருமானம் சரியாக 16 லட்சம் என்றால், மேல்வரி நீங்கலாக வரி ரூ.1,20,000. அதற்குமேல் 100 ரூபாய் ஈட்டினால் வரி ரூ.1,20,020. உயர்ந்த வீதம் அந்த 100 ரூபாய்க்கு மட்டுமே. இடப்பக்க எல்லையும் வலப்பக்க எல்லையும் ஒன்றே. கோடு உடையவில்லை, முழங்கை மடங்குவதுபோல் சற்றே செங்குத்தாக மடங்குகிறது, அவ்வளவுதான். தொடர்ச்சி உண்டு, அந்தப் புள்ளியில் வகையிட முடியாது என்று கணித ஆசிரியர்கள் மட்டு மதிப்புச் சார்பைக் காட்டி விளக்குவது இதைத்தான்.

ஆனால் அதே சட்டத்தில் உண்மையான தாவலும் இருந்தது. 2023 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில், புதிய முறையில் 7 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அடுக்குகளின்படி 7 லட்சத்துக்கு ரூ.25,000 வரி வரும். அதைத் தள்ளுபடி செய்வதே ஏற்பாடு. 7 லட்சத்தைக் கடந்தால் தள்ளுபடி இல்லை. அதாவது 7,00,100 ரூபாய் ஈட்டுபவருக்கு வரி ரூ.25,010. நூறு ரூபாய் கூடுதல் வருவாய்க்கு இருபத்தையாயிரம் ரூபாய் வரி! இடப்பக்க எல்லை பூச்சியம், வலப்பக்க எல்லை 25,000. மார்ச் 24 அன்று மக்களவையில் நிதி மசோதா நிறைவேறியபோது இது திருத்தப்பட்டது. வரம்பை எவ்வளவு கடக்கிறோமோ அதற்குமேல் வரி இருக்கக் கூடாது என்ற 'விளிம்புநிலை நிவாரணம்' சேர்க்கப்பட்டது. 50 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்தின் மீதான கூடுதல் வரிக்கு முன்பே இருந்த ஏற்பாடுதான் இது. நடுத்தர வருவாயினருக்கு அப்போதுதான் வந்தது. பழைய முறையில் இன்றும் அந்தத் தாவல் அப்படியே இருக்கிறது. 5 லட்சம் வரை வரியில்லை. 5,00,010 ஆனால் மேல்வரியுடன் ரூ.13,002.

(பத்து ரூபாயாகக் கூட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரிக்குரிய வருமானத்தைப் பத்தின் மடங்காக்குவது சட்டத்தின் விதி. பணத்துக்குக் காசு என்ற மிகச் சிறிய அலகும் உண்டு. ஆக, கறாரான கணிதப் பொருளில் வருமானம் தொடர்ச்சியாக மாறுவதே இல்லை. தொடர்ச்சி என்பது நாம் உலகின்மீது போர்த்தும் ஒரு மெல்லிய துணி, பயனுள்ள துணி.)

2025-இல் வரம்பு 12 லட்சமாக உயர்ந்தபோது நிவாரணமும் உடன் வந்தது. 12,10,000 ரூபாய் ஈட்டுபவருக்கு அடுக்குப்படி ரூ.61,500 வரி, நிவாரணத்துக்குப் பின் ரூ.10,000. உடைந்த கோடு ஒட்டப்பட்டுவிட்டது. சிக்கல் தீர்ந்ததா என்றால், இல்லை. ஒட்டிய இடத்தில் சரிவு மிகச் செங்குத்தானது. வரம்புக்கு மேலுள்ள ஒவ்வொரு ரூபாயும் முழுமையாக வரிக்குப் போகிறது. அதன்மேல் 4 விழுக்காடு கல்வி, நலவாழ்வு மேல்வரி. எனவே 12,10,000 ஈட்டுபவர் ரூ.10,400 செலுத்திவிட்டு, ரூ.11,99,600-ஐக் கையில் வைத்திருப்பார். 12 லட்சம் ஈட்டியவரைவிட 400 ரூபாய் குறைவு. நிவாரணம் ஏறத்தாழ 12,70,588 வரை நீடிக்கிறது. அதன்பின் கோடு தணிந்து, 12,74,000 ரூபாய் ஈட்டுபவரின் கையில் ரூ.12,00,056 மிஞ்சுகிறது. இடையில் உள்ள 74,000 ரூபாய் உழைப்பின் பயன் ஐம்பத்தாறு ரூபாய். தொடர்ச்சி வேறு, சரிவு வேறு என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு கூர்மையாகச் சொல்லிவிட முடியாது.

தாவல் உள்ள இடத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது. இங்கிலாந்தில் 2014 டிசம்பர் வரை வீடு வாங்குவதற்கான முத்திரை வரி 2,50,000 பவுண்டு விலை வரை 1 விழுக்காடு. அதைக் கடந்தால் முழு விலைக்கும் 3 விழுக்காடு. வரம்பில் நின்றால் 2,500 பவுண்டு வரி, ஒரு பவுண்டு கடந்தால் 7,500-க்கு மேல். அதனால் 2,50,000-க்குச் சற்றுக் கீழே விற்பனைகள் குவிந்தன. சற்று மேலே ஒரு வெற்றிடம். அந்த முறை கைவிடப்பட்டு, நம் வருமான வரி அடுக்குகளைப் போன்ற தொடர்ச்சியான முறை வந்தது. பட்டியலின மாணவர்களுக்கான மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். வரம்புக்குள் இருப்பவருக்கு முழு உதவி. ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருப்பவருக்கு ஒன்றுமில்லை. அந்த ஆயிரம் ரூபாயை ஈட்டியதற்காக ஒரு குடும்பம் வருந்த நேரும் நிலை இது. சான்றிதழில் எழுதப்படும் தொகைகள் வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும் ஆசைக்கு ஆளாவதில் வியப்பு என்ன?

ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட 'பொருளியல் கோட்பாடுகள்' நூலின் முகப்பில், இயற்கை தாவிச் செல்வதில்லை என்ற கருத்துடைய இலத்தீன் முதுமொழியைப் பொறித்தார். பொருளியலின் பெரும்பகுதி அந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். 1817-இல் போல்சானோ நிறுவிய இடைநிலை மதிப்புத் தேற்றம் சொல்வது எளிது: தொடர்ச்சியான சார்பு ஒன்று ஓரிடத்தில் மிகையாகவும் மற்றோரிடத்தில் குறையாகவும் இருந்தால், நடுவே எங்கோ பூச்சியத்தைக் கடந்தே ஆக வேண்டும். விலை குறைவாக இருக்கும்போது தேவை அளிப்பைவிட மிகுதி. விலை ஏறிய பிறகு குறைவு. எனவே இரண்டும் சமமாகும் ஒரு விலை இருக்கிறது என்று முதலாண்டு மாணவருக்குச் சொல்கிறோமே, அதன் பின்னால் நிற்பது இந்தத் தேற்றம். பல சந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் அதை நிறுவ, ஆரோவும் டெப்ரூவும் 1954-இல் இதைவிட வலிய கருவிகளைப் பயன்படுத்தினார்கள். அங்கும் தொடர்ச்சி என்ற நிபந்தனையை அவர்களால் விட முடியவில்லை. கோடு உடைந்திருந்தால் தேவையும் அளிப்பும் ஒன்றையொன்று சந்திக்காமலேயே தாண்டிப் போய்விடலாம். இதைச் சொல்லாமல் இரண்டு கோடுகளை வரைந்து வெட்டிக்காட்டுவது பாதிப் பாடம்.

வணிகக் கணிதம் படிக்கும் மாணவர்களிலிருந்துதான் நாளைய கணக்காளர்களும் கட்டண அட்டவணைகளையும் வருமான வரம்புகளையும் வரையும் அலுவலர்களும் வருகிறார்கள். அவர்களுக்குத் தரும் பயிற்சியில் பத்துக்கு மூன்று கணக்காவது இப்படி இருக்கலாம்: ஒரு மின் கட்டண ரசீதையோ வரி அட்டவணையையோ கொடுத்து, அதைத் துண்டு துண்டாக வரையறுக்கப்பட்ட சார்பாக எழுதச் சொல்வது, ஒவ்வொரு வரம்பிலும் இரு பக்க எல்லைகளைக் கண்டறியச் சொல்வது, தாவல் இருந்தால் அதை நீக்க வழி கேட்பது. காரணிப்படுத்தும் கணக்குகளும் இருக்கட்டும்; அவை விரலுக்குப் பயிற்சி, இவை கண்ணுக்கு.

கடைசிக் கேள்விக்கு ஒரு விடையை முதலில் பார்த்த மின் கட்டணத்தை வைத்தே காட்டலாம். 500-ஐக் கடந்தவுடன் ரூ.225-ஐ ஒரே அடியாகப் பிடுங்குவதற்குப் பதிலாக, 501 முதல் 600 வரையிலான 100 யூனிட்டுகளில் அதைப் பரப்பலாம். யூனிட்டுக்கு ரூ.2.25 கூடும், 8 ரூபாயாக இருந்த வீதம் அந்தப் பகுதியில் மட்டும் ரூ.10.25 ஆகும். 500-இல் 1,725, 501-இல் 1,735 ரூபாய் 25 காசு, 600-இல் 2,750. அந்த 2022 அட்டவணையிலும் 600 யூனிட்டுக்கு அதே 2,750 ரூபாய்தான். அதற்கு மேல் பயன்படுத்துவோருக்கு ஒரு காசும் மாறாது. இடையில் நிற்பவர்களுக்குக் கட்டணம் குறையும். 501-இல் நிற்பவருக்கு 222 ரூபாய் 75 காசு, 550-இல் நிற்பவருக்கு 112 ரூபாய் 50 காசு. அந்த அளவுக்கு மின் வாரியத்தின் வருவாயும் குறையும். அதை அரசின் மானியம் ஏற்பதா, மேலடுக்குகளின் வீதத்தில் சில காசுகளைக் கூட்டி ஈடுகட்டுவதா என்பது கணித வகுப்பில் முடிவாகும் கேள்வியன்று. ஆனால், அந்தப் பகுதியில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையை வாரியம் வெளியிட்டால், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரே அரைமணி நேரத்தில் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடுவார்.